மூளைச் சீரமைப்பில் செல்வெளி நுண்பைகளின் பங்கு: தருமபுரி மாவட்ட மருத்துவச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பக்கவாதமும் தலைக்காயமும் மூளைத் திசுவின் ஒரு பகுதியை அழித்தபின், எஞ்சிய பகுதி தன்னைச் சீரமைத்துக்கொள்ள முயல்கிறது. அம்முயற்சியில் செல்கள் வெளியிடும் செல்வெளி நுண்பைகள் செய்தியேந்திகளாகச் செயல்படுகின்றன. குருத்தணுச் சிகிச்சையில் விலங்குகளிடம் காணப்பட்ட நற்பயனில் பெரும்பங்கு, குருத்தணுக்கள் மூளையில் வேரூன்றுவதால் விளைவதன்று. அவை வெளியிடும் நுண்பைகளால் விளைவது என்ற கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது. நுண்பைகளின் தன்மை, தோற்றம், மூளையில் அவற்றின் இருவகைச் செயல்கள், சிகிச்சையாகவும் நோயறி குறியாகவும் அவை அடைந்துள்ள நிலை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஆய்வக முடிவுகள் நம்பிக்கை அளிப்பினும் இவை இன்னும் மருந்தாகவில்லை என்பதையும், தருமபுரி போன்ற மாவட்டத்தில் இவ்வறிவு எவ்வாறு பயன்படக்கூடும் என்பதையும் இது எடுத்துரைக்கிறது.

முக்கியச் சொற்கள்: செல்வெளி நுண்பை, எக்சோசோம், குருத்தணு, பக்கவாதம், தலைக்காயம், மறுவாழ்வுப் பயிற்சி, தருமபுரி.

முன்னுரை

தருமபுரி மாவட்டத்தில் மூளைக்கு நேரும் பெருஞ்சேதம் இரு வழிகளில் வருகிறது. ஒன்று, கட்டுப்படுத்தப்படாத இரத்த அழுத்தமும் நீரிழிவும் கொண்டுவரும் பக்கவாதம். மற்றொன்று, சாலை விபத்தில் நேரும் தலைக்காயம். மாவட்டத்தை ஊடறுத்துச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடைப்பட்ட தொப்பூர் கணவாய் விபத்துகளுக்குப் பெயர்போன இறக்கமாகும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளிலிருந்து நோயாளியைச் சமவெளி மருத்துவமனைக்குக் கொண்டுவருவதற்கே கணிசமான நேரம் கழிகிறது. 2008இல் தொடங்கப்பட்ட தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அதற்கப்பால் சேலமும் பெங்களூரும் இம்மக்களின் நம்பிக்கைகளாக உள்ளன.

உயிர் பிழைத்த பின்னர்தான் குடும்பத்தின் முன் கடினமான கேள்வி எழுகிறது: செயலிழந்த கை மீண்டும் வேலை செய்யுமா? குழறும் பேச்சு திருந்துமா? இக்கேள்விக்கு மருத்துவம் தரும் விடை பெரும்பாலும் நிபந்தனைகளுடன் கூடியது. அந்த இடைவெளியில்தான் ஸ்டெம் செல் சிகிச்சை, எக்சோசோம் ஊசி என்னும் விளம்பரங்கள் நுழைகின்றன. நிலத்தையோ நகையையோ விற்றுப் பணம் திரட்டும் ஒரு குடும்பத்துக்கு, இச்சொற்களின் பின்னால் உள்ள அறிவியல் எது, வாணிகம் எது எனப் பிரித்துக் காட்டும் தமிழ் எழுத்து தேவை. அத்தேவையை முன்னிறுத்தியே இக்கட்டுரை அமைகிறது.

1. கலைச்சொல்லும் வரையறையும்

உயிருள்ள செல்கள் அனைத்தும் தம் புறத்தே மிக நுண்ணிய பைகளை வெளியிடுகின்றன. இரட்டைக் கொழுப்பு அடுக்காலான சவ்வு இவற்றைச் சூழ்ந்திருக்கும். உள்ளே புரதங்களும் கொழுப்புகளும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளும் அடங்கியிருக்கும். உட்கரு இல்லாததால் இவை தாமாகப் பெருகா. செல்லுக்கு வெளியே காணப்படுவதாலும் வடிவில் பையை ஒத்திருப்பதாலும் இவற்றைச் ‘செல்வெளி நுண்பைகள்’ என இக்கட்டுரை வழங்குகிறது. செல்லைக் ‘கலம்’ என வழங்கும் இலங்கை வாசகர்கள் ‘கலவெளி நுண்பைகள்’ எனக் கொள்ளலாம்.

தோற்றத்தையும் பருமனையும் கொண்டு இவை மூவகைப்படும். முதல்வகை எக்சோசோம்கள். செல்லினுள் இருக்கும் ஓர் உள்ளறையின் சுவர் உட்புறமாக அரும்பிப் பல சிறு பைகளை உருவாக்குகிறது. அவ்வறை பின்னர்ச் செல்சவ்வுடன் இணையும்போது அப்பைகள் வெளியே கொட்டப்படுகின்றன. இவற்றின் விட்டம் ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் வரை. அதாவது ஒரு தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினது. இரண்டாம் வகை நுண்குமிழிகள். இவை செல்சவ்விலிருந்தே நேராக வெளிப்புறம் அரும்பிப் பிரிபவை. 100 முதல் 1000 நானோமீட்டர் வரை இருக்கும். மூன்றாம் வகை, செல் தன்னழிவுக்கு உள்ளாகும்போது சிதறும் துண்டங்கள். இவை அளவிற் பெரியவை.

அளவைக் கொண்டு மட்டும் ஒரு பை எவ்வழியில் தோன்றியது எனத் துணிய இயலாது. எனவே தோற்றம் மெய்ப்பிக்கப்படாதபோது ‘எக்சோசோம்’ என்னும் சொல்லைத் தவிர்த்துப் பொதுச்சொல்லையே ஆளவேண்டும் எனச் செல்வெளி நுண்பைகளுக்கான பன்னாட்டுக் கழகத்தின் வழிகாட்டுதல்கள் 2014, 2018, 2023 ஆகிய பதிப்புகள் வழியே ஆய்வாளர்களை நெறிப்படுத்தி வருகின்றன. விளம்பரங்கள் ‘எக்சோசோம்’ என்று உறுதியாகக் கூறும் இடத்தில் ஆய்வுலகம் ‘நுண்பை’ என்று அடக்கத்துடன் கூறுவதற்குக் காரணம் இதுவே.

2. கழிவு என்னும் கருத்திலிருந்து செய்தி என்னும் கருத்துக்கு

1946இல் சார்காஃப், வெஸ்ட் ஆகியோர் இரத்த உறைவை ஆராய்ந்தபோது, மிகுவேகச் சுழற்சியில் படியும் நுண்துகள்கள் உறைதலைத் தூண்டுவதைக் கண்டனர். 1967இல் பீட்டர் உல்ஃப் அத்தகைய துகள்களைத் தட்டணுக்களின் ‘தூசி’ என்றே குறிப்பிட்டார். 1983இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசிலும் கனடாவின் மான்ட்ரியலிலும் இயங்கிய இரு குழுக்கள், முதிர்ச்சியடையும் சிவப்பணு தனக்கு இனித் தேவைப்படாத இரும்பேற்பிப் புரதத்தை நுண்பைகளில் இட்டு வெளியேற்றுவதைத் தனித்தனியே கண்டறிந்தன. மான்ட்ரியல் குழுவின் ரோஸ் ஜான்ஸ்டன் 1987இல் இவற்றை எக்சோசோம் என வழங்கினார். அக்காலத்தில் இது செல்லின் கழிவகற்றும் வழி என்றே பெரும்பாலும் கருதப்பட்டது.

அக்கருத்தை மாற்றியவை இரு ஆய்வுகள். 1996இல் ராப்போசோ குழுவினர், நோயெதிர்ப்புச் செல்களின் நுண்பைகள் பிற செல்களைத் தூண்டவல்லவை என்று காட்டினர். 2007இல் சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள், ஒரு செல்லின் நுண்பை தாங்கிச் சென்ற தூது ஆர்.என்.ஏ. மற்றொரு செல்லில் புரதமாக மொழிபெயர்க்கப்படுவதை நிறுவினர். நுண்பைகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருப்பதையும் அவர்களே எடுத்துக்காட்டினர். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஒரு மரபணுவின் வெளிப்பாட்டை அடக்கும் சிறு மூலக்கூறு. அதனைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் ஆகியோர் 2024ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். ஒரு செல் தன் அண்டைச் செல்லின் மரபணு இயக்கத்தையே திருத்த இயலும் என்ற நிலையில், நுண்பை கழிவன்று, மடல் என்பது தெளிவாயிற்று.

3. நலமான மூளையில் நுண்பைகள்

மூளையில் நியூரான்கள் தனித்து இயங்குவதில்லை. ஆஸ்ட்ரோசைட்டுகள் அவற்றுக்கு ஊட்டமும் சூழற்சமநிலையும் அளிக்கின்றன. ஆலிகோடென்ட்ரோசைட்டுகள் நரம்பிழைகளுக்கு மயலின் உறையிடுகின்றன. மைக்ரோகிளியாக்கள் காவலும் துப்புரவும் செய்கின்றன. இந்நால்வகைச் செல்களும் நுண்பைகளை வெளியிடுகின்றன, ஏற்கின்றன.

2013இல் ஜெர்மனியின் மைன்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்றாகும். இயங்கும் நியூரான் குளூட்டமேட் என்னும் கடத்தியை வெளியிடுகிறது. அதனை உணர்ந்த ஆலிகோடென்ட்ரோசைட் நுண்பைகளை வெளியிடுகிறது. நியூரான் அவற்றை உட்கொள்கிறது. அவ்வாறு உட்கொண்ட நியூரான்கள் ஊட்டக்குறைவை மேலும் தாங்கின. உழைக்கும் செல்லுக்கே உதவி வந்து சேர்கிறது என்பது இதன் உட்பொருள். மேலும், நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஆர்க் என்னும் புரதம் தீநுண்மியின் உறையை ஒத்த கூடாக அமைந்து, தன் ஆர்.என்.ஏ.வை நுண்பைகள் வழி நியூரானிலிருந்து நியூரானுக்குக் கொண்டுசெல்வது 2018இல் வெளியான ஆய்வுகளால் அறியப்பட்டது.

4. காயம்பட்ட மூளையில்: நுண்பையின் இருமுகம்

மூளையின் பெருந்தமனி ஒன்று அடைபட்டுச் சிகிச்சையின்றி விடப்பட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 இலட்சம் நியூரான்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளியான புகழ்பெற்ற மதிப்பீடு. அழிந்த நியூரான்கள் பெரும்பாலும் ஈடுசெய்யப்படுவதில்லை. மீட்சி என்பது எஞ்சியவை புதிய தொடர்புகளை அமைத்துக்கொள்வதே. நரம்பிழைகள் கிளைத்தல், புதிய நுண்குழல்கள் தோன்றுதல், மயலின் உறை மீளல், அழற்சி தணிதல் ஆகியன அதன் கூறுகள். இக்கூறுகள் ஒவ்வொன்றிலும் நுண்பைகளுக்குப் பங்குண்டு. 2016இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், பக்கவாதத்துக்குப் பின் ஆஸ்ட்ரோசைட்டுகள் தம் மைட்டோகாண்ட்ரியாக்களையே வெளியிட்டு நியூரான்களுக்கு வழங்குவதை எலிகளில் கண்டனர். ஆற்றல் இழந்த அண்டைவீட்டுக்கு அடுப்பையே தூக்கிக் கொடுப்பதற்கு ஒப்பானது இது.

ஆயினும் நுண்பைகளை நன்மையின் உருவாகவே கொள்வது பிழையாகும். தலைக்காயத்தில் சிதைந்த மூளைச் செல்களிலிருந்து குருதிக்குள் புகும் நுண்துகள்கள் உடல் முழுவதும் உறைதலைத் தூண்டி, உறைபொருள்களைத் தீர்த்து, பின்னர்க் குருதிப்போக்கு மிகக் காரணமாவதை 2015இல் எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. 2017இல் வெளியான மற்றொரு விலங்காய்வில், காயம்பட்ட மூளையின் மைக்ரோகிளியா வெளியிட்ட நுண்துகள்கள் நலமான மூளையிலும் அழற்சியைப் பரப்பின. அல்சைமர் நோயில் டௌ புரதம் பரவுவதற்கு நுண்பைகள் ஊர்தியாகக்கூடும் என்பதற்கும் விலங்காய்வுச் சான்றுகள் உள்ளன.

எனவே நுண்பை என்பது மருந்தன்று, நஞ்சுமன்று. அனுப்பும் செல்லின் நிலையைச் சுமந்துசெல்லும் மடல். எந்தச் செல், எந்நேரத்தில், எந்நிலையில் அனுப்பியது என்பதைப் பொறுத்தே அதன் விளைவு அமையும். இவ்வுண்மையை மறந்த எந்தச் சிகிச்சைக் கோரிக்கையும் ஐயத்துக்குரியது.

5. குருத்தணுவிலிருந்து நுண்பைக்கு

ஸ்டெம் செல் எனப் பரவலாக அறியப்படும் குருத்தணுக்களை உட்செலுத்தினால் அவை நியூரான்களாக மாறி இழப்பை ஈடுசெய்யும் என்ற எதிர்பார்ப்பு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓங்கியிருந்தது. இந்தியாவிலேயே அதற்கு முறையான சோதனை நடந்தது. தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தலைமையில் ஐந்து மையங்களில், 120 பக்கவாத நோயாளிகளை உட்படுத்தி நடந்த சமவாய்ப்புச் சோதனையின் முடிவு 2014இல் வெளியாயிற்று. நோயாளியின் சொந்த எலும்பு மச்சையிலிருந்து பெற்ற ஒற்றைக்கரு அணுக்கள் சிரை வழியே செலுத்தப்பட்டன. சிகிச்சை பாதுகாப்பானதாக இருந்தது. ஆனால் ஆறு மாத முடிவில் செயல்திறனில் நன்மை எதுவும் தென்படவில்லை. நம் நாட்டு நோயாளிகளிடம் பெறப்பட்ட இம்முடிவு, விளம்பரங்களுக்கு எதிராக வைக்கத்தக்க வலிய சான்றாகும்.

விலங்குகளிலோ மெசன்கைமல் வகைக் குருத்தணுக்கள் பயனளித்தன. ஆனால் சிரைவழிச் செலுத்திய அணுக்களில் பெரும்பாலானவை நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கின்றன. மூளையை எட்டுபவை மிகச் சில. எட்டாத அணு எவ்வாறு பயன் தருகிறது? இவ்வணுக்களை வளர்த்த ஊடகத்தில் உள்ள நுண்பைகளே எலியின் இதயத்திசுச் சேதத்தைக் குறைப்பதைச் சிங்கப்பூரின் சாய் கியாங் லிம் குழுவினர் 2010இல் காட்டினர். மூளையைப் பொறுத்தவரை டெட்ராய்ட் நகர ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் மைக்கேல் சாப் குழுவினர் முன்னோடிகள். அடைபட்ட மூளையின் சாற்றுக்கு உட்படுத்தப்பட்ட குருத்தணுக்கள், மைக்ரோ ஆர்.என்.ஏ. 133பி என்னும் மூலக்கூறு மிகுந்த நுண்பைகளை வெளியிட்டன. அம்மூலக்கூறு நியூரானில் நரம்பிழை வளர்ச்சியைத் தடுக்கும் ஆர்.எச்.ஓ.ஏ. என்னும் புரதத்தை அடக்குகிறது, இழை நீள்கிறது. அம்மூலக்கூறு குறைக்கப்பட்ட குருத்தணுக்களைச் செலுத்தியபோது பயனும் குறைந்தது. 2013இல் நுண்பைகளை மட்டும் பக்கவாத எலிகளுக்கும், 2015இல் தலைக்காய எலிகளுக்கும் செலுத்தி மீட்சியை அவர்கள் பதிவு செய்தனர். அதே 2015இல் ஜெர்மனியின் எசன் நகர ஆய்வாளர்கள், நுண்பைகளின் பயன் அவற்றை வெளியிட்ட குருத்தணுக்களின் பயனுக்கு நிகராக இருப்பதைக் கண்டனர்.

எலியின் மூளை மனித மூளைக்கு வெகு தொலைவிலுள்ளது. ஆகவே பெரிய விலங்குகளில் கிடைத்த முடிவுகள் கூடுதல் மதிப்புடையன. 2018இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் நரம்புக் குருத்தணு நுண்பைகள் பக்கவாதமுற்ற பன்றிகளின் மீட்சிக்குத் துணைசெய்தன. 2019இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில், கையை இயக்கும் மூளைப்பகுதி சேதமுற்ற முதிய ரீசஸ் குரங்குகளுக்குக் காயத்தின் 24 மணி நேரத்திலும் 14ஆம் நாளிலும் குருத்தணு நுண்பைகள் செலுத்தப்பட்டன. அவை பொருளைப் பற்றியெடுக்கும் திறனை, சிகிச்சை பெறாதவற்றைவிட விரைவாகவும் முழுமையாகவும் மீட்டன.

மனிதர்களிடம் கிடைத்துள்ள சான்று இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது. ஈரானில் கடும் பக்கவாதத்துக்காக மண்டையோட்டு அறுவை மேற்கொண்ட ஐந்து நோயாளிகளின் மூளைத்திசுவில் நஞ்சுக்கொடிக் குருத்தணு நுண்பைகளைச் செலுத்திய சோதனை, பாதுகாப்பை அறிவதற்கானது. அதிலிருந்து பயனைப் பற்றி முடிவு சொல்ல இயலாது. தென்கொரியாவில் குருத்தணு பெற்ற பக்கவாத நோயாளிகளின் குருதியில் நுண்பைகள் மிகுந்ததும், அம்மிகுதி இயக்கத்திறன் முன்னேற்றத்தோடு தொடர்புற்றிருந்ததும் 2022இல் வெளியான பகுப்பாய்வில் அறியப்பட்டன. ஆயினும் அச்சோதனையின் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதை நினைவிற்கொண்டே இதனை மதிப்பிட வேண்டும்.

6. ஆய்வகத்துக்கும் நோயாளிக்கும் இடையே

நுண்பைகள் செல்லைவிடச் சில வகைகளில் மேம்பட்டவை. அவை பெருகுவதில்லையாதலால் கட்டியாகும் அச்சம் குறைவு, உறைநிலையில் சேமிக்கலாம், குருதிக்கும் மூளைக்கும் இடைப்பட்ட தடுப்பை அவற்றுட் சில கடக்கவல்லவை. 2011இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், நியூரானை நாடும் ஒரு புரதத்துண்டை நுண்பையின் புறத்தே பொருத்தி, அதன்வழி மரபணு அடக்கும் ஆர்.என்.ஏ.வை எலியின் மூளைக்குள் சேர்த்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தினர், மஞ்சளிலுள்ள குர்குமினை நுண்பைகளில் ஏற்றி எலிகளின் மூக்குவழிச் செலுத்தி மூளை அழற்சியைத் தணித்தனர். அரூர்ப் பகுதியில் மஞ்சள் விளைவிப்போர் இச்செய்தியைப் பெருமையுடன் படிக்கலாம். ஆனால் அங்குப் பயன்பட்டது நுண்பை என்னும் ஊர்தியே. உணவில் சேரும் மஞ்சள் அவ்விளைவைத் தரும் என்பது இதிலிருந்து பெறப்படுவதில்லை.

தடைகள் நான்கு. முதலாவது, தூய்மை. இலட்சம் மடங்கு புவியீர்ப்பு விசையில் சுழற்றிப் படியவைத்தாலும், பருமன்வழி நிறப்பகுப்பில் பிரித்தாலும் கொழுப்புப்புரதங்களும் பிற புரதத் திரள்களும் உடன் வருகின்றன. இரண்டாவது, அளவு. துகள்களின் எண்ணிக்கையா, புரதத்தின் எடையா, உயிரியல் செயலா, எதனைக் கொண்டு மருந்தின் அளவை வரையறுப்பது என்பதில் ஒருமித்த முறை உருவாகவில்லை. மூன்றாவது, பரவல். சிரைவழிச் செலுத்தியவற்றில் பெரும்பங்கு கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் ஆகியவற்றில் தங்கிவிடுகிறது. நான்காவது, ஒருமை. கொடையாளர், வளர்ப்பு ஊடகம், வளர்ப்பு நாள்கள் ஆகியன மாறும்போது நுண்பையின் உள்ளடக்கமும் மாறுகிறது. நுண்பை மடல் என்றால், ஒவ்வொரு தொகுப்பிலும் வேறு செய்தி எழுதப்பட்டிருக்கலாம் என்பதே இதன் பொருள்.

இக்காரணங்களாலேயே சட்டம் எச்சரிக்கையுடன் நடக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இணைந்து 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்கள், குருதி நோய்களுக்கான குருத்தணு மாற்று தவிர்த்த பிற குருத்தணுப் பயன்பாடுகளை ஒப்புதல் பெற்ற மருத்துவச் சோதனையாக மட்டுமே நிகழ்த்தலாம் என்கின்றன. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள், குருத்தணுவிலிருந்து பெறும் பொருளைப் புதிய மருந்தாகவே கொள்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம், ஒப்புதலற்ற எக்சோசோம் பொருள்களைப் பெற்ற நோயாளிகளுக்குக் கடும் தீங்கு நேர்ந்ததைச் சுட்டிப் பொதுமக்களை எச்சரித்தது. குடும்பங்கள் கேட்கத்தக்க கேள்விகள் இரண்டு: இச்சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா? இதற்குப் பணம் கேட்கப்படுகிறதா? நெறிப்படி நடக்கும் சோதனையில் ஆய்வு மருந்துக்கு நோயாளி பணம் செலுத்துவதில்லை.

7. குருதித் துளியில் மூளையின் செய்தி

சிகிச்சையைவிட விரைவில் பயன்தரக்கூடியது நோயறி குறியாக நுண்பைகளைக் கொள்வதாகும். மூளைத்திசுவை வெட்டியெடுத்துப் பார்க்க இயலாத நிலையில், அங்கிருந்து குருதிக்கு வரும் நுண்பை திசுவின் நிலையை உணர்த்தக்கூடும். தலைக்காயத்தை மதிப்பிட இரு மூளைப்புரதங்களை அளவிடும் குருதிச் சோதனைக்கு 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிட்டியது. அது நுண்பைச் சோதனையன்று. எனினும் குருதிவழி மூளையை அறியும் வாயில் திறந்துள்ளது என்பதற்கு அது சான்று.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. நியூரானிலிருந்து வந்த நுண்பைகளை மட்டும் பிரித்தெடுக்க எல்1கேம் என்னும் புறப்புரதத்தைப் பிடியாகக் கொண்டு பல ஆண்டுகளாக ஆய்வுகள் நடந்துவந்தன. 2021இல் வெளியான ஆய்வு, குருதி நிணநீரிலும் மூளைத் தண்டுவடத் திரவத்திலும் அப்புரதம் நுண்பையோடு சேர்ந்திராமல் தனித்தே கரைந்திருப்பதைக் காட்டியது. பிடியே பொய்த்தால் பிடிபட்டது எது என்ற கேள்வி எழும். முந்தைய முடிவுகள் பலவும் மறுபார்வைக்கு உள்ளாயின. ஆராய்ச்சி மாணவர்கள் இத்துறையில் நுழையும்போது நினைவிற்கொள்ள வேண்டிய பாடம் இது.

8. தருமபுரிக்கு இவ்வறிவின் பொருள்

நுண்பை மருந்து வரும்வரை காத்திருப்பதன்றி இம்மாவட்டத்துக்கு வேறு பயன் இல்லையா? மூன்று பயன்களைச் சுட்டலாம்.

முதலாவது, காலம். சிதையும் செல் அனுப்பும் தீய செய்தியைத் தடுக்கச் சிறந்த வழி அச்செல்லைச் சிதையாமல் காப்பதே. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும். விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18இல் தொடங்கப்பட்டது. தொப்பூர்ச் சாலைக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய குறிகளைக் கண்டதும், நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும் என்பதை மலைக்கிராமம் வரை கொண்டுசேர்ப்பது எந்த நுண்பைச் சிகிச்சையையும்விட இன்று மிகுந்த மூளைத்திசுவைக் காக்கும்.

இரண்டாவது, பயிற்சி. இயங்கும் நியூரானுக்கே ஆலிகோடென்ட்ரோசைட்டின் உதவி செல்கிறது என்னும் மைன்ஸ் ஆய்வை முன்னர்க் கண்டோம். உடற்பயிற்சியின்போது குருதியில் நுண்பைகளும் அவற்றுடன் தொடர்புற்ற முந்நூறுக்கும் மேற்பட்ட புரதங்களும் மிகுவதை 2018இல் வெளியான ஆய்வு நலமானவர்களிடம் பதிவு செய்தது. பக்கவாத நோயாளியின் மீட்சிக்கு இவையே காரணம் என நிறுவப்படவில்லை. ஆயினும் பயன்பாடே மீட்சியைத் தூண்டுகிறது என்னும் மறுவாழ்வு மருத்துவத்தின் அனுபவ அறிவுக்குச் செல்நிலையில் ஒரு விளக்கம் உருவாகி வருகிறது எனலாம்.

பயிற்சி என்றால் எதுவும் எப்போதும் என்பதன்று. பக்கவாதம் நேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கி மிகுதியாக எழுப்பி நடமாடச் செய்வது விளைவைக் குறைத்தது என 2015இல் வெளியான பன்னாட்டுச் சோதனை காட்டியது. குடும்பத்தாருக்குப் பயிற்சியளித்து அவர்களையே மறுவாழ்வுப் பயிற்சி தரச்செய்யும் முறையை இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2017இல் வெளியிடப்பட்ட சோதனையில், வழக்கமான பராமரிப்பைவிடக் கூடுதல் பயன் கிட்டவில்லை. குடும்பத்தின் அன்பு இன்றியமையாதது. ஆனால் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரின் இடத்தை அதனால் நிரப்ப இயலாது. தருமபுரியிலிருந்து 2004இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளுடன் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. பக்கவாதத்தைத் தடுப்பதும் அதற்குப்பின் மீட்பதும் ஒரே வாசலில் வந்து நிற்கும் இவ்வேற்பாட்டை, மூளை மீட்சிக்கு உரிய முதல் மாதங்களில் செறிவாகப் பயன்படுத்துவது குறித்த ஆய்வுகள் தேவை.

மூன்றாவது, ஆராய்ச்சி. நுண்பை ஆய்வு என்றாலே விலையுயர்ந்த கருவிகள் நினைவுக்கு வருகின்றன. அவை பெருநகரங்களில் உள்ளன. ஆனால் காயத்தின் முதல் மணிநேரங்களில் நோயாளியைக் காண்பது மாவட்ட மருத்துவமனையே. நுண்பை அனுப்பப்பட்ட நேரத்தைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறதாதலால், நோய் தொடங்கிய நேரம் துல்லியமாகக் குறிக்கப்பட்டு, ஒப்புதலுடன் ஒரே முறையில் எடுத்து உறையவைத்த குருதி மாதிரிகளும், அந்நோயாளியின் மூன்றாம் மாதச் செயல்திறன் பதிவும் எந்தப் பெருநகர ஆய்வகத்துக்கும் அரிய செல்வமாகும். அறநெறிக் குழுவின் இசைவுடன் அத்தகைய மாதிரித் தொகுப்பை உருவாக்குவது மாவட்ட மருத்துவக் கல்லூரிகளின் ஆற்றலுக்கு உட்பட்டதே.

முடிவுரை

செல்வெளி நுண்பைகள் பற்றிய ஆய்வு மூளை மீட்சியைப் பார்க்கும் பார்வையை மாற்றியுள்ளது. இழந்த செல்லுக்கு மாற்றுச் செல்லை நடுவது என்னும் கருத்து பின்தங்கி, எஞ்சிய செல்களுக்கிடையே நல்ல செய்தி செல்லவும் தீய செய்தி தடைப்படவும் வழிசெய்வது என்னும் கருத்து முன்வந்துள்ளது. எலி, பன்றி, குரங்கு ஆகியவற்றில் இக்கருத்துக்குச் சான்று உண்டு. மனிதரிடம் பயன் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. எனவே விலைகொடுத்து வாங்கத்தக்க நுண்பைச் சிகிச்சை மூளைக்கு இன்று இல்லை.

இன்று உள்ளவை, விரைந்து மருத்துவமனை சேர்தல், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தல், தகுதியுடையோர் தரும் தொடர்பயிற்சி ஆகியன. இவை எளியவை, செலவும் குறைந்தவை. நிலத்தை விற்றேனும் நோயாளியைக் காக்க முனையும் குடும்பத்திடம், அந்நிலம் அவர்களிடமே இருக்கட்டும் என்று சான்றுகளுடன் எடுத்துச் சொல்வதும் தமிழில் அறிவியல் எழுதுவோரின் கடமைகளுள் ஒன்றாகும்.